வானத்தைப் பார்க்கும் மகளுக்கு என்ன பதில்?



சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் காலத்தில் நம் வீடுகளில் ஒரு வழக்கு மன்றம் கூடும். பிள்ளை உயர்தரத்தில் எந்தப் பிரிவைப் படிப்பது என்பதுதான் வழக்கு. வாப்பா அல்லது அப்பா ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம், பக்கத்து வீட்டு ரீச்சர் ஒரு பக்கம் என்று எல்லோரும் வாதாடுவார்கள். தீர்ப்பும் வழங்கப்பட்டுவிடும். வழக்குக்குரிய பிள்ளையை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்படியொரு வழக்கைப் பற்றி ஒரு தாய் எனக்கு எழுதியிருக்கிறார். "மகளுக்குக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் 'ஏ' கிடைத்திருக்கிறது. சின்ன வயதிலிருந்தே முற்றத்தில் பாய் விரித்துப் படுத்து நட்சத்திரம் எண்ணுகிற பிள்ளை. இப்போது விண்வெளி விஞ்ஞானி ஆகப் போகிறேன் என்கிறாள். எங்கள் ஊர்ப் பாடசாலையில் கணிதப் பிரிவு இல்லை. அடுத்த பட்டினத்துக்கு பஸ்ஸில் போய்வர வேண்டும். கலைப் பிரிவில் சேர்த்தால் வீட்டோடு இருந்து படிக்கலாம் என்கிறார்கள். இந்தப் படிப்பைப் படித்தால் நம் நாட்டில் என்னதான் வேலை இருக்கிறது? பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வது?"

சகோதரி, உங்கள் கேள்வி நியாயமானது. கனவு காண்பது பிள்ளையின் உரிமை என்றால், சோற்றுக்கு வழி இருக்கிறதா என்று கேட்பது தாயின் கடமை. முப்பது ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். இதே வழக்கு நடக்கும் மற்ற வீடுகளுக்கும் இது பயன்படட்டும்.

விண்வெளி விஞ்ஞானி என்பவர் யார்?

விண்வெளி என்றதும் வெள்ளை உடையும் கண்ணாடித் தலைக்கவசமும் அணிந்து மிதக்கும் ஒருவர்தான் நம் மனதில் வருகிறார். அப்படிப் போய்வந்தவர்களின் தொகை உலகம் முழுவதும் சேர்த்து ஒரு சில நூறுதான். ஆனால் அவர்களை அனுப்புவதற்கும், செய்மதிகளைச் செய்வதற்கும், அவை அனுப்பும் தகவல்களைப் படிப்பதற்கும் தரையில் இருந்து வேலை செய்பவர்கள் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். விண்வெளித் தொழில் என்பது பெரும்பாலும் தரையில் செய்கிற தொழில்.

அண்மைக் கால உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். 2023 செப்டெம்பர் 2ஆம் திகதி இந்தியா 'ஆதித்யா எல்1' என்ற விண்கலத்தைச் சூரியனை ஆராய்வதற்காக அனுப்பியது. பூமியிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில், சூரியனின் ஈர்ப்பும் பூமியின் ஈர்ப்பும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கும் ஓர் இடம் உண்டு. நான்கு மாதங்கள் பயணம் செய்து, 2024 ஜனவரி 6ஆம் திகதி அந்த இடத்தைச் சுற்றும் பாதையில் விண்கலம் சேர்ந்தது. அங்கிருந்து சூரியனை இரவு பகல் என்ற இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

சூரியனை ஏன் இப்படிக் காவல் காக்க வேண்டும் என்று கேட்பீர்கள். சூரியனிலும் புயல் அடிக்கிறது. அதிலிருந்து வீசப்படும் மின்னேற்றத் துணிக்கைகள் செய்மதிகளைப் பழுதாக்கலாம், மின்விநியோகத்தையும் குழப்பலாம். 1989 மார்ச்சில் அப்படியொரு புயலால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பல இலட்சம் பேர் சுமார் 9 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தார்கள்.

இந்த ஆதித்யா திட்டத்தின் பணிப்பாளராக இருந்தவர் ஒரு தமிழ்ப் பெண், நிகார் ஷாஜி. தமிழ்நாட்டின் செங்கோட்டையில் பிறந்தவர். பெரிய நகரத்துப் பிள்ளையல்ல. சொந்த ஊரில் பள்ளிக்கூடம், பிறகு திருநெல்வேலி அரசினர் பொறியியற் கல்லூரியில் மின்னணுவியலும் தொடர்பாடலும் படித்தார். 1987இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து ஆதித்யாவைப் பொறுப்பேற்றார். இதைப் போலவே 2019 ஜூலை 22ஆம் திகதி ஏவப்பட்ட சந்திரயான் 2இன் திட்டப் பணிப்பாளர் சென்னையைச் சேர்ந்த முத்தையா வனிதா. அவரும் மின்னணுப் பொறியியலாளர்தான். அந்தப் பயணத்தில் தரையிறங்கி நிலவில் மோதிச் சிதைந்துவிட்டது; ஆனால் நிலவைச் சுற்றும் கலம் தொடர்ந்து வேலை செய்தது. 2023 ஓகஸ்ட் 23ஆம் திகதி சந்திரயான் 3 நிலவில் பத்திரமாக இறங்கியபோது அதன் துணைத் திட்டப் பணிப்பாளராக இருந்தவரும் கல்பனா காளஹஸ்தி என்ற பெண்மணியே.

இவர்கள் யாரும் பல்கலைக்கழகத்தில் 'விண்வெளி' என்று பெயர் எழுதிய பாடத்தைத் தேடிக்கொண்டிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மின்னணுவியல், இயந்திரவியல், கணினி, கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்று வழமையான பாடங்களைப் படித்துவிட்டு அந்த வேலைக்குப் போனவர்கள். ஒரு செய்மதியைக் கழற்றிப் பார்த்தால் எத்தனை தொழில்கள்! சூரிய ஒளியை மின்சாரமாக்கும் தகடுகளுக்கு ஒருவர், மின்கலத்துக்கு ஒருவர், கமராவுக்கு ஒருவர், கொதிக்கும் வெயிலையும் உறையும் குளிரையும் தாங்கும் மேலுறைக்கு ஒருவர், பாதையைக் கணக்கிட ஒருவர், கணினி நிரல் எழுத ஒருவர், செலவுக் கணக்குப் பார்க்க ஒருவர், இவற்றையெல்லாம் எழுத்தில் பதிந்து வைக்க ஒருவர். நம் வீட்டுக் கலியாணத்துக்கு எத்தனை கைகள் வேண்டுமோ அத்தனை கைகள் அங்கும் வேண்டும்.

நம் நாட்டிலிருந்தும் ஒரு பெண்

"அது இந்தியா, பெரிய நாடு. நாம் எங்கே?" என்று சொல்லிவிடாதீர்கள். இலங்கையின் 'ராவணா 1' என்ற சின்னஞ்சிறு செய்மதி 2019 ஏப்ரல் 17ஆம் திகதி அமெரிக்காவிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து அதே ஆண்டு ஜூன் 17ஆம் திகதி விண்ணில் விடப்பட்டது. நிறை ஒரு கிலோவை விடச் சற்றே அதிகம். ஒரு கையில் ஏந்தலாம். ஜப்பானின் கியூஷு தொழினுட்ப நிறுவனத்தில் அதை வடிவமைத்துச் செய்தவர்கள் அங்கே படித்துக்கொண்டிருந்த இரண்டு இலங்கையர்: தரிந்து தயாரத்ன, துலானி சாமிகா. இரண்டாமவர் பெண். நேபாளத்தின் செய்மதியும் ஜப்பானின் செய்மதியும் அதனுடன் சேர்ந்தே போயின.

ராவணா 1 நாட்டின் பொருளாதாரத்தை மாற்றிவிடவில்லை. அதன் நோக்கமும் அதுவல்ல. ஒரு செய்மதியைத் திட்டமிட்டு, செய்து, சோதித்து, வானுக்கு அனுப்பி, அதனோடு பேசுவது எப்படி என்று நம் பிள்ளைகள் கற்றுக்கொள்வதற்கான பயிற்சி அது. கைத்தொழில் பழகுகிறவர் முதலில் செய்கிற சின்ன முக்காலியைப் போல. பிறகு கதிரை செய்யலாம், மேசை செய்யலாம்.

ஒரு தாய் தகப்பன் போட்ட சண்டை

இப்போது பெற்றோருக்காக ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

1943இல் வட அயர்லாந்தில் பிறந்தவர் ஜோஸ்லின் பெல். தகப்பனார் கட்டடக் கலைஞர். அர்மா என்ற ஊரில் கோள்மண்டலம் அமைப்பதில் பங்குகொண்டவர். அந்தத் தொடர்பால் பிள்ளைக்கு வானத்தின் மீது ஆசை வந்தது. ஆனால் பதினொரு வயதில் எழுதிய தெரிவுப் பரீட்சையில் அவர் சித்தியடையவில்லை. மேல் வகுப்புக்குப் போனபோது இன்னொரு தடை. விஞ்ஞானப் பாட நேரம் வந்ததும் ஆண் பிள்ளைகளை ஆய்வுகூடத்துக்கும் பெண் பிள்ளைகளைச் சமையல் பாடத்துக்கும் பிரித்து அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் அது யாருக்கும் புதுமையாகத் தெரியவில்லை.

ஜோஸ்லின் வீட்டுக்கு வந்து சொன்னதும் பெற்றோர் சும்மா இருக்கவில்லை. பாடசாலையிடம் நியாயம் கேட்டார்கள். வேறு பெற்றோரும் சேர்ந்தார்கள். முடிவில் அந்த வகுப்பின் விஞ்ஞான அறைக்குள் மூன்று பெண் பிள்ளைகள் அனுமதிக்கப்பட்டனர். அடுத்து நடந்த விஞ்ஞானப் பரீட்சையில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவர் ஜோஸ்லின்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் சிறப்புப் பட்ட வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். விரிவுரை மண்டபத்துக்குள் நுழையும்போது ஆண் மாணவர்கள் சீட்டியடித்துக் கேலி செய்வார்களாம். அதையும் தாங்கிக்கொண்டு படித்தார். பிறகு கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவி. அங்கே அவருக்கு முதலில் கிடைத்த வேலை, நாலரை ஏக்கர் நிலத்தில் கம்பங்களை நாட்டிக் கம்பி இழுத்து ஒரு ரேடியோ தொலைகாட்டியைக் கட்டுவது! சக மாணவர்களுடன் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தார். தொலைகாட்டி இயங்கத் தொடங்கியதும் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 அடி நீளக் கடதாசியில் கோடு கிறுக்கித் தள்ளியது. அத்தனையையும் கண்ணால் வாசிப்பது ஜோஸ்லினின் பொறுப்பு.

1967இல் ஒரு நாள், அந்தக் கடதாசியில் கால் அங்குல இடத்தில் ஒரு விசித்திரமான கீறல் அவர் கண்ணில் பட்டது. வேறொருவர் என்றால் இரைச்சல் என்று விட்டிருப்பார். அவர் விடவில்லை. திரும்பத் திரும்பத் தேடினார். 1.3 செக்கனுக்கு ஒரு தடவை, மணிக்கூடு போலத் துடிக்கும் ஒரு சமிக்ஞை அது. வேற்றுக் கிரகவாசிகள் கூப்பிடுகிறார்களோ என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார்கள். இன்னொரு திசையிலிருந்தும் அப்படியொரு துடிப்பைக் கண்டபோதுதான் அது இயற்கையான பொருள் என்பது உறுதியானது. வேகமாகச் சுழலும், மிக அடர்த்தியான நட்சத்திரம். 'பல்சார்' என்று பெயர். 1968 பெப்ரவரியில் செய்தி உலகுக்குத் தெரிந்தது.

இந்தக் கண்டுபிடிப்புக்கு 1974இல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசு பெற்றவர்கள் அவருடைய மேற்பார்வையாளரும் இன்னொரு பேராசிரியரும். ஜோஸ்லினின் பெயர் இல்லை. திருமணமாகி, கணவரின் வேலைக்காக ஊர் ஊராக மாறி, மகனை வளர்த்துக்கொண்டு பல ஆண்டுகள் பகுதிநேர வேலைதான் செய்தார். திறந்த பல்கலைக்கழகத்தில் போதனாசிரியையாகவும் இருந்தார். நம்மில் எத்தனையோ பேருக்குப் பழக்கமான வாழ்க்கை இது! ஆனாலும் வானத்தை அவர் கைவிடவில்லை. 2018இல் முப்பது இலட்சம் டொலர் பெறுமதியான சிறப்புப் பரிசு ஒன்று அவரைத் தேடி வந்தது. அந்தப் பணம் முழுவதையும், பௌதிகவியல் ஆராய்ச்சியில் வாய்ப்புக் குறைந்த பிரிவினரிலிருந்து வரும் மாணவர்களின் புலமைப்பரிசிலுக்காகக் கொடுத்துவிட்டார்.

இந்த வரலாற்றில் எனக்குப் பெரிதாகத் தெரிவது பரிசு அல்ல. அன்று அந்தத் தாயும் தகப்பனும் "எல்லாப் பெண் பிள்ளைகளும் சமையல்தானே படிக்கிறார்கள், நீயும் போ" என்று சொல்லியிருந்தால் மற்ற எதுவும் நடந்திருக்காது. சமையல் தெரிந்திருப்பது நல்லதுதான். அதற்காக ஆய்வுகூடத்தின் கதவைப் பூட்ட வேண்டியதில்லை.

எடுத்துச் சொல்வதும் விண்வெளித் தொழிலே

ரொக்கெட் செய்பவர்களை மட்டும் விண்வெளித் துறையினர் என்று நினைப்பது இன்னொரு தவறான எண்ணம். கண்டதை மக்களுக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்வதும் ஒரு தொழில். கோள்மண்டலத்தில் காட்சி நடத்துவோர், அருங்காட்சியகங்களில் விளக்குவோர், விஞ்ஞானச் செய்தி எழுதுவோர், ஒலிபரப்புவோர், பாடநூல் எழுதுவோர், பாடசாலை ஆசிரியைகள் எல்லோரும் இதில் அடங்குவர். வானியலாளர்களின் சர்வதேச ஒன்றியம் இந்த வேலைக்கென்றே தோக்கியோவுக்கு அருகில் ஒரு தனி அலுவலகம் வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் ஓர் ஆசிரியரை விண்வெளிக்கு அனுப்பப் போகிறோம் என்று அறிவித்தபோது 11,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் விண்ணப்பித்தார்கள். தெரிவானவர் கிறிஸ்டா மெக்கோலிஃப். அவர் விஞ்ஞான ஆசிரியை கூட இல்லை. சமூகக் கல்வி கற்பித்தவர். விண்ணில் இருந்தபடி வகுப்பறைகளுக்குப் பாடம் நடத்துவதற்கு ஆயத்தமாகப் போனார். 1986 ஜனவரி 28ஆம் திகதி, புறப்பட்ட 73 செக்கன்களில் சலஞ்சர் ஓடம் வெடித்துச் சிதறி, அவரும் மற்ற ஆறு பேரும் உயிரிழந்தனர். அவருடைய மாணவர்களும் பெற்றோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடந்தது.

அவருக்குப் பதிலாளாகப் பயிற்சி பெற்றிருந்தவர் பார்பரா மோர்கன் என்ற ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. அந்தப் பயங்கரத்தைக் கண்ணால் கண்டவர் பயந்து ஒதுங்கவில்லை. திரும்பவும் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பிறகு முறையாக விண்வெளி வீராங்கனைப் பயிற்சி பெற்று 2007 ஓகஸ்ட் 8ஆம் திகதி விண்வெளிக்குப் போய்வந்தார். இருபத்தொரு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். கிறிஸ்டா நடத்தவிருந்த பாடங்களில் சிலவற்றை, முன்னாள் ஆசிரியர்களான இரண்டு விண்வெளி வீரர்கள் 2018இல் விண்வெளி நிலையத்திலிருந்து நடத்திப் பதிவு செய்தார்கள். ஒரு பாடத்தை எப்படியாவது நடத்தி முடிக்க வேண்டும் என்ற அந்த ஆசிரிய மனம் நமக்குப் புரியும்.

நம் ஊரிலும் இப்படி எடுத்துச் சொல்பவர்களுக்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்பதை 2019 டிசம்பர் 26ஆம் திகதி நேரில் கண்டேன். அன்று காலை யாழ்ப்பாணம் முதல் திருகோணமலை வரை கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. சுனாமியின் பதினைந்தாவது நினைவு தினமும் அன்றுதான். கடலோரத்து மக்களின் மனதில் ஏற்கெனவே இருந்த பயத்தோடு கிரகணப் பயமும் சேர்ந்துகொண்டது. எங்கள் வீதியில் பல வீடுகள் கதவு, ஜன்னல் எல்லாம் பூட்டிக் கிடந்தன. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியைக் கத்தரிக்கோலைத் தொடவும் விடாமல் அறைக்குள் படுக்க வைத்திருந்தார்கள்.

அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்த என் மாணவி ஒருத்தி, சப்பாத்துப் பெட்டி ஒன்றில் ஊசித் துளை போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் வந்து நின்றாள். "சூரியனை நேராகப் பார்க்காதீங்க மாமி, கண் போயிடும். முதுகைக் காட்டிக்கொண்டு நின்று இந்தப் பெட்டிக்குள்ள பாருங்க" என்று அழைத்தாள். முதலில் பிள்ளைகள் வந்தார்கள். பிறகு தயங்கித் தயங்கிப் பெண்கள் வந்தார்கள். மர இலைகளின் இடைவெளியால் நிலத்தில் விழுந்த வெளிச்சப் புள்ளிகள் எல்லாம் பிறைகளாகி, பின்பு சில நிமிடங்கள் வளையல்களாகத் தெரிந்தன. "நிலவு சூரியனுக்கு முன்னால போகுது. அவ்வளவுதான். முகில் மறைக்கிற மாதிரித்தான் இதுவும். இதிலிருந்து நஞ்சு ஒண்டும் வராது" என்று அந்தப் பிள்ளை சொன்னாள். ஒரு வயோதிப மாது அரிதட்டைக் கொண்டுவந்து, அதன் ஒவ்வொரு துளையிலும் ஒரு வளையல் தெரிவதைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளைத்தாய்ச்சியும் வாசற்படி வரை வந்து எட்டிப் பார்த்தாள்.

அந்த மாணவி அன்று செய்ததுதான் விஞ்ஞானத்தை மக்களிடம் சேர்க்கும் வேலை. தமிழில் அதைச் செய்யக்கூடியவர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. ஆங்கிலத்தில் வரும் நூலையும் படத்தையும் பார்த்து விளங்கி, நம் பிள்ளைகளின் பேச்சில் சொல்லத் தெரிந்த பெண்கள் எத்தனை பேர் வந்தாலும் இடம் இருக்கிறது.

சரி, வேலை கிடைக்குமா?

இனி உங்கள் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால், இந்தியாவில் இருப்பது போன்ற பெரிய விண்வெளி நிறுவனம் நம் நாட்டில் இல்லை. மொரட்டுவை, கட்டுபெத்தையில் உள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனம்தான் இத்துறையின் பிரதான அரச நிறுவனம். ஜப்பான் அன்பளிப்பாகக் கொடுத்த 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி அங்கே உண்டு. ஆனால் அங்குள்ள இடங்கள் சிலவே. "வானியல் மட்டும்தான் படிப்பேன், உள்நாட்டில்தான் வேலை செய்வேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால், வழி மிக ஒடுக்கமானது என்பதை அவளுக்குச் சொல்லிவிடத்தான் வேண்டும்.

அதே பாடங்கள் வேறு பல கதவுகளையும் திறக்கின்றன என்பதையும் கூடவே சொல்லுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாம் எல்லோரும் முகில் சுழலும் செய்மதிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோமே, அதைப் படித்து எச்சரிக்கை எழுதுவதற்கு வளிமண்டலவியல் திணைக்களத்தில் பௌதிகவியலும் கணிதமும் தெரிந்தவர்கள் வேண்டும். எந்த மலைச்சரிவு எப்போது இறங்கும் என்று ஆராயத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஆள் வேண்டும். வரைபடத்துக்கு நில அளவைத் திணைக்களம் இருக்கிறது. கடல் மேற்பரப்பின் வெப்பத்தைச் செய்மதி அளந்து தருவதை வைத்து மீன் கூடும் இடத்தைக் கணிக்கும் வேலையும் நடக்கிறது. தொலைத்தொடர்பு, கணினி மென்பொருள் நிறுவனங்களும் இதே பாடங்களைப் படித்தவர்களைத்தான் தேடுகின்றன. விண்வெளியை நோக்கிப் புறப்பட்ட பிள்ளை பாதி வழியில் நின்றாலும் வெறுங்கையோடு நிற்க மாட்டாள்.

வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்:

முதலாவது, உயர்தரத்தில் கணிதப் பிரிவு. இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். இதுவே நேரான பாதை. இங்கிருந்து பொறியியலுக்கும் போகலாம், விஞ்ஞானப் பட்டத்துக்கும் போகலாம். மொரட்டுவை, பேராதனை, ருகுண போன்றவற்றோடு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியிலும், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தினுடையது ஒலுவிலிலும் இருக்கின்றன. இது நம் தாய்மார் கொழும்பைக் கண்டு பயந்த காலம் அல்ல.

இரண்டாவது, 2013 முதல் நடைமுறையில் உள்ள தொழினுட்பப் பிரிவு. செய்முறையில் கெட்டிக்காரியான பிள்ளைக்கு ஏற்றது.

மூன்றாவது, உயிரியல் பிரிவு. பௌதிகவியலைக் கைவிடாமல் படித்தால் விஞ்ஞானப் பட்டத்துக்கு வழி உண்டு. விண்வெளி மருத்துவம், தாவர ஆராய்ச்சி என்பனவும் துறைகளே.

நான்காவது, செய்மதிப் படங்களையும் வரைபடங்களையும் படிக்க விரும்புவோருக்குப் பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் புவித்தகவல் சார்ந்த ஒரு தனிப் பீடமே இருக்கிறது.

ஐந்தாவது, இஸட் புள்ளி போதாமல் போனால் எல்லாம் முடிந்தது என்று அழ வேண்டியதில்லை. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானமும் பொறியியல் தொழினுட்பமும் படிக்கலாம். கட்டணம் உண்டு, ஆனால் வேலை செய்துகொண்டும் படிக்கலாம்.

கலைப் பிரிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. கிறிஸ்டா மெக்கோலிஃப்பை மறந்துவிடாதீர்கள். ஆனால் கலையை விரும்பிப் படிப்பது வேறு. பஸ் ஏற வேண்டும் என்பதற்காகக் கணிதத்தை விட்டுவிட்டுக் கலைக்குப் போவது வேறு. கணிதப் பிரிவிலிருந்து பின்னாளில் கலைக்கு மாறலாம். கலையிலிருந்து கணிதத்துக்குத் திரும்புவது மிகக் கடினம். எந்தக் கதவு ஒரு தடவை பூட்டினால் திறக்காதோ, அதைப் பூட்டுவதில் அவசரப்படாதீர்கள்.

இந்த மாதமே செய்யக்கூடியவை

அடுத்த பட்டினத்துப் பாடசாலைக்கு நீங்களே ஒரு நாள் மகளோடு பஸ்ஸில் போய்வாருங்கள். எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், திரும்பும்போது இருட்டிவிடுமா, ஊரிலிருந்து வேறு பிள்ளைகள் போகிறார்களா என்று பாருங்கள். இரண்டு மூன்று பெற்றோர் சேர்ந்தால் ஒரு முச்சக்கர வண்டியோ வானோ ஒழுங்கு செய்யலாம். விடுதி இருக்கிறதா என்று அதிபரிடம் கேளுங்கள். வீட்டிலிருந்து பார்க்கும்போது மலையாகத் தெரிவது, போய்ப் பார்த்தால் மேடாக இருக்கக்கூடும். உண்மையிலேயே மலைதான் என்றாலும், அதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

வகுப்பாசிரியையிடம் வானியல் ஒலிம்பியாட் போட்டி பற்றி விசாரியுங்கள். 2007இல் தொடங்கிய சர்வதேசப் போட்டிக்கு இலங்கை மாணவரும் போகிறார்கள். அதற்கான உள்நாட்டுப் பரீட்சைக்கு ஆயத்தமாவதே நல்ல பயிற்சி. கொழும்புக்குப் போகும் தேவை வந்தால், 1965இல் திறக்கப்பட்ட கோள்மண்டலத்தில் காட்சி நடக்கும் நாட்களை முன்கூட்டியே விசாரித்துப் பிள்ளையைக் கூட்டிச் செல்லுங்கள்.

ஆங்கிலத்தை இப்போதே தொடங்கட்டும். பரீட்சையைத் தமிழில் எழுதலாம். பல்கலைக்கழகத்தில் விரிவுரை ஆங்கிலத்தில்தான். இதற்குப் பயந்து பின்வாங்கிய கெட்டிக்காரப் பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். நாளுக்கு ஒரு பக்கம் அகராதியோடு வாசித்தாலே இரண்டு ஆண்டுகளில் பயம் தெளிந்துவிடும்.

தொலைகாட்டி வாங்கிக் கொடுக்க வசதியில்லையே என்று கவலை வேண்டாம். கண்ணும் இருட்டும் போதும். ஒரு கொப்பி கொடுங்கள். நிலவு ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு எங்கே உதிக்கிறது என்று ஒரு மாதம் எழுதி வரட்டும். பிறையையும் பௌர்ணமியையும் பார்த்து நாள் குறித்த சமூகங்கள் நாம். இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. ஒரு மாதம் முடிவில் நிலவு நாளுக்குநாள் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி வருவதை அவளே கண்டுபிடிப்பாள். தானாகக் கண்டுபிடித்த ஒன்றின் ருசி தெரிந்த பிள்ளையைப் படி என்று யாரும் சொல்லவேண்டி வராது.

கடைசியாக ஒன்று. குடும்பத்தில் அடுத்த முறை வழக்கு மன்றம் கூடும்போது மகளையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். என்ன படிக்க விரும்புகிறாய், ஏன் விரும்புகிறாய், கஷ்டம் வந்தால் என்ன செய்வாய் என்று எல்லோர் முன்னாலும் அவளிடமே கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும் வரை யாரும் குறுக்கே பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு தீர்ப்புச் சொல்லலாம்.